பார்க்க வந்தவரின் வீடு

மலேசியத் தமிழில் விளையாட்டு நடக்கும் இடத்துக்கு இரண்டு சொற்கள் புழங்குகின்றன. புல்வெளி மட்டும் இருந்தால் அது திடல். அதைச் சுற்றிப் படிகளும் கூரையும் மதிலும் எழும்பிவிட்டால் அரங்கம். இரண்டும் ஒரே இடத்தின் சின்ன வடிவம், பெரிய வடிவம் என்றுதான் நினைத்துக்கொள்கிறோம். ஆனால் அரங்கம் என்ற சொல்லின் பழைய பொருளைப் பார்த்தால் ஒரு விநோதம் தெரியும். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை மாதவி ஆடும் அரங்குக்கு அளவு சொல்கிறது: அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல், உயரம் ஒரு கோல். அளவெல்லாம் ஆடுகிறவளுக்கு. பார்க்கிறவர் எங்கே உட்கார்ந்தார், எத்தனை கோல் அகலத்தில் உட்கார்ந்தார் என்பதற்கு அங்கே கணக்கில்லை. நம் காலத்தில் அந்தச் சொல் தலைகீழாகிவிட்டது. ஆடுகிறவர்களுக்கு வேண்டிய புல் முன்பே இருந்தது. அவர்களுக்காக யாரும் செங்கல் அடுக்க வேண்டியிருக்கவில்லை. விளையாட்டரங்கத்தில் கட்டப்படுவது முழுக்க முழுக்கப் பார்க்க வந்தவருக்கான இடம். இருபதாம் நூற்றாண்டின் முதல் முப்பது ஆண்டுகளில் உலகின் பல மூலைகளில் ஏறக்குறைய ஒரே நேரத்தில் இந்தக் கட்டட வகை எழுந்தது. அதைக் கட்டடக் கலையின் கதையாக மட்டும் படித்தால் போதாது என்று நான் கருதுகிறேன். எந்தக் கிளப்பிலும் உறுப்பினராக இல்லாத ஒரு மனிதருக்கு ஊரில் முதல்முறையாக ஓர் இருப்பிடம் கிடைத்த கதை அது. ஜார்ஜ்டவுனின் டத்தோ கெராமாட் சாலையில் நிற்கும் பண்டாராயா அரங்கத்தை அந்தக் கதைக்குள் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

கதை அமெரிக்காவில் தெளிவாகத் தெரிவதால் அங்கிருந்து தொடங்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பேஸ்பால் மைதானங்கள் மரத்தால் ஆனவை. மரம் இரண்டு விதமாகப் பழிவாங்கியது. ஒன்று நெருப்பு: 1894-இல் பாஸ்டனில் ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோதே பார்வையாளர் மாடத்தின் அடியில் பற்றிய தீ, மைதானத்தை விழுங்கிச் சுற்றியிருந்த வீடுகளையும் விழுங்கியது. மற்றொன்று பாரம்: 1903-இல் பிலடெல்ஃபியாவில், தெருவில் நடந்த ஏதோ ஒரு கலவரத்தை எட்டிப் பார்க்கக் கூட்டம் ஒரே பக்கமாகச் சாய்ந்ததில், வெளிப்புறம் தொங்கிய மரநடை முறிந்து 12 பேர் இறந்தார்கள். கடல் தாண்டி கிளாஸ்கோவின் ஐபிராக்ஸில் அதற்கு முந்தைய ஆண்டுதான் மரப்படிக்கட்டு உடைந்து 25 பேர் மாண்டிருந்தார்கள். அதே 1903-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் இரும்புக் கம்பி பாய்ச்சிய கான்கிரீட்டில் ஓர் அரங்கம் கட்டிக் காட்டியது. 1909 ஏப்ரலில் பிலடெல்ஃபியாவில் ஷைப் பார்க், அதே ஆண்டு ஜூன் மாதக் கடைசி நாளில் பிட்ஸ்பர்கில் ஃபோர்ப்ஸ் ஃபீல்டு, 1910-இல் சிகாகோவில் கொமிஸ்கி பார்க், 1912-இல் பாஸ்டனில் ஃபென்வே, 1913-இல் புரூக்ளினில் எபெட்ஸ் ஃபீல்டு, 1914-இல் சிகாகோவின் வடபகுதியில் பின்னாளில் ரிக்லி எனப் பெயர் பெற்ற மைதானம் என்று வரிசையாக எழுந்தன. 1923-இல் நியூயார்க்கின் பிராங்ஸில் திறக்கப்பட்ட யாங்கி ஸ்டேடியத்தின் கான்கிரீட்டுக்குச் சிமெண்டு வந்தது தாமஸ் எடிசனின் கம்பெனியிலிருந்து. மின்விளக்கோடு மட்டுமே நாம் சேர்த்து நினைக்கும் அந்த மனிதர் அரங்கத்துக்குள்ளும் இருக்கிறார்.

இந்த மைதானங்களின் வடிவத்தைக் கவனித்தால் அவற்றின் குணம் புரியும். ஊருக்குள் கிடைத்த துண்டு நிலத்தில் கட்டப்பட்டதால் தெரு சொன்னபடி அவை வளைந்துகொடுத்தன. ஃபென்வேயின் இடப்பக்கச் சுவர் 37 அடி உயரத்துக்கு நிற்பதற்குக் காரணம் அதன் முதுகோடு ஒட்டி ஓடும் லான்ஸ்டௌன் தெருதான்; நிலத்தை அகலமாக்க வழியில்லாததால் சுவரை உயர்த்தினார்கள். ட்ராம் தடங்கள் போகும் இடத்தில் மைதானம் நின்றது. புரூக்ளின் அணியின் பெயரான 'டாட்ஜர்ஸ்' ட்ராம் வண்டிகளுக்குத் தப்பி ஓடுபவர்கள் என்ற பொருளில் வந்தது. ஆலையில் வேலை முடிந்து வருகிறவர் ஐந்து சென்ட் ட்ராம் கட்டணத்தில் வாசலில் வந்து இறங்கினார். ஷைப் பார்க்கில் 25 சென்ட் கொடுத்தால் வெயில் பக்கத்துப் பலகையில் உட்கார இடம் கிடைத்தது. அந்த மலிவு இருக்கைகளை நிறைய வைத்ததில்தான் அந்தக் கட்டடத்தின் முக்கியத்துவம் இருக்கிறது. அதன் முகப்பில் இருந்த பிரெஞ்சு பாணிக் கோபுரமும் வளைவுகளும் அங்கே உட்கார்ந்தவருக்காகவும்தான் கட்டப்பட்டன. அரண்மனைக்கும் வங்கிக்கும் மட்டுமே உரியதாக இருந்த முகப்பு, வெயில் பலகை டிக்கெட்டுக்காரர் நுழையும் வாசலுக்கு வந்தது.

இனி பினாங்கு. இங்கே விளையாட்டு பிறந்த இடம் கோட்டை ஓரத்துத் திடல். ஆங்கிலத்தில் எஸ்பிளனேட், மலாயில் பாடாங் கோத்தா லாமா. ஒரு பக்கம் கார்ன்வாலிஸ் கோட்டை, ஒரு பக்கம் கடல், எதிரே 1880-களில் எழுந்த டவுன் ஹால், அதன் பக்கத்தில் 1903-இன் நகர மண்டபம். சுவரில்லை, கடற்காற்றைத் தடுக்க ஒன்றுமில்லை. வரைபடத்தில் பார்த்தால் இதைவிடத் திறந்த இடம் ஊரில் கிடையாது. ஆனால் அந்தத் திறந்த புல்லில் ஆடியவர்கள் கிளப்புகள் வழியாகவே ஆடினார்கள். வெள்ளையருக்குப் பினாங்கு கிரிக்கெட் கிளப், யுரேசியருக்கு ரிக்ரியேஷன் கிளப். சீனர்கள் 1892-இல் தங்களுக்கென்று ஒரு ரிக்ரியேஷன் கிளப்பை நிறுவி, பர்மா சாலையில் தனித் திடல் கண்டார்கள். கோலாலம்பூரில் தமிழர்கள் 1914-இல் தமிழர் உடற்பயிற்சிக் கழகம் அமைத்ததும் இதே தர்க்கத்தில்தான். மலாயாவில் ஆட வேண்டுமென்றால் ஒரு சமூகத்துக்குள் ஆட வேண்டும். அந்தச் சமூகத்துக்குள்ளும் கிளப் சந்தா கட்டும் வசதி வேண்டும். ஆட்டத்தைப் பார்ப்பதற்கும் இதே படிநிலைதான். பெவிலியனின் நிழலில் நாற்காலி உறுப்பினருக்கும் அவர் அழைத்த விருந்தினருக்கும். மற்றவர்கள் சாலையோரம், வெயிலில், நின்றுகொண்டு. துறைமுகத்தில் மூட்டை இறக்கியவரும், நகராண்மைக் கழகத்தில் சாலை போட்டவரும் அந்தப் புல்லைத் தாராளமாகப் பார்க்கலாம். ஆனால் அங்கே அவருக்கென்று ஓர் அங்குலம்கூட இல்லை. மதில் இல்லாத இடத்தில் எல்லை இல்லை என்று எண்ணுவது பெரிய மயக்கம். எல்லை உறுப்பினர் பட்டியலில் இருந்தது. அதை எட்டிக் குதிக்க முடியாது.

சென்னையின் சேப்பாக்கத்திலும் இதுவே நிலை. மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் 1846-இல் தோன்றி, 1865 வாக்கில் சேப்பாக்கத்தில் நிலைகொண்டது. அங்கே விளையாட வந்த இந்தியர்களுக்குப் பெவிலியனுக்குள் இடமில்லை. மரத்தடியில்தான் உண்ண வேண்டியிருந்தது. அந்த அவமானத்தைப் பொறுக்காத புச்சிபாபு நாயுடு 1888-இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். சென்னைக் கிரிக்கெட்டின் வரலாறு எழுதுகிறவர்கள் ஆட்டக்காரருக்கு நேர்ந்த இந்தக் குறையைத் தவறாமல் சொல்கிறார்கள். மரத்தடியும் கிடைக்காமல் நின்று பார்த்தவரைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. மலாயாவுக்கு இன்னும் கூர்மையான ஒரு சான்று உண்டு. கோலாலம்பூரில் பிறந்த லால் சிங் 1932-இல் லார்ட்ஸ் மைதானத்தில் இந்தியாவின் முதல் டெஸ்ட் ஆட்டத்தில் ஆடியவர்; பாய்ந்து பந்தைத் தடுப்பதில் அவருக்கு இணையில்லை என்று பேசப்பட்டவர். ஊர் திரும்பிய பிறகு சிலாங்கூர் கிளப்பின் திடலைப் பராமரிக்கும் வேலை பார்த்தார். டெஸ்ட் வீரருக்கே திடலோடு அமைந்த உறவு இதுதான் என்றால், டெஸ்ட் வீரரைப் பார்க்க வந்தவரின் உறவைச் சொல்லவே வேண்டாம்.

அதே 1932, பினாங்கின் நகர அரங்கம் எழுந்த ஆண்டாகப் பொதுவாகக் குறிக்கப்படுகிறது. இன்றும் ஆட்டம் நடக்கும் மலேசிய அரங்கங்களில் இதுவே மூத்தது என்று பினாங்குக்காரர்கள் பெருமையோடு சொல்வார்கள். 'பண்டாராயா', அதாவது மாநகர் என்ற சொல் அதன் பெயரில் பின்னால்தான் சேர்ந்திருக்க முடியும். ஜார்ஜ்டவுன் மாநகராக அறிவிக்கப்பட்டது 1957 ஜனவரி 1 அன்று, சுதந்திரத்துக்கு எட்டு மாதம் முன்னால். இந்த அரங்கத்தின் தேவையை உண்டாக்கியது காற்பந்து. 1921-இல் மலாயா என்ற பெயர் தாங்கிய போர்க்கப்பல் இந்தக் கடலுக்கு வந்துபோனது. மலாய் மாநிலங்களின் பணத்தில் கட்டிய கப்பல் அது. அதன் அதிகாரிகளும் மாலுமிகளும் அளித்த கோப்பைக்காக மாநிலங்கள் மோதத் தொடங்கின. சமூகத்துக்குச் சமூகம் என்று பிரிந்து ஆடிக்கொண்டிருந்த ஆட்டம் மாநிலத்துக்கு மாநிலம் என்றானபோது, பினாங்கு என்ற பெயருக்காகக் கத்தக்கூடிய ஒரு கூட்டம் உருவானது. அதில் மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லோரும் இருந்தார்கள். எந்த ஒரு கிளப்பின் பெவிலியனிலும் அந்தக் கூட்டத்தை உட்கார வைக்க முடியாது. இடம் இல்லை என்பது மட்டும் காரணமல்ல; அப்படி ஒரு கூட்டம் உண்டு என்பதையே எந்தக் கிளப்பின் விதிமுறையும் அறிந்திருக்கவில்லை. சிங்கப்பூர் இதற்கு 1929 டிசம்பரில் ஜாலான் புசார் அரங்கத்தைத் திறந்து விடை கண்டது. பினாங்கின் விடை டத்தோ கெராமாட் சாலையில் அமைந்தது.

அந்தச் சாலையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். கோட்டையும் டவுன் ஹாலும் இருக்கும் கடற்கரையிலிருந்து ஊரின் உட்புறம் போகும் வழி அது. வெல்ட் கீ துறைமுகத்திலிருந்து ஆயர் ஈத்தாமுக்கு 1906 முதல் ஓடிய மின்சார ட்ராம் இந்தச் சாலை வழியாகத்தான் போனது. இருபதுகளின் நடுவிலிருந்து ட்ராலி பேருந்துகள் ஒவ்வொரு தடமாக அதன் இடத்தைப் பிடித்தன. பிரவுன் குடும்பத்தின் பெயரைத் தாங்கிய பொதுத் திடலான பாடாங் பிரவுனும் இதே சாலையில், சற்றுத் தள்ளி இருக்கிறது. அரங்கம் எங்கே கட்டப்பட்டது என்பதே யாருக்காகக் கட்டப்பட்டது என்பதைச் சொல்லிவிடுகிறது. அதிகாரியும் நீதிபதியும் மாலையில் உலவும் கடலோரத்தை விட்டு, துறைமுகத் தொழிலாளியும் கடைச் சிப்பந்தியும் வண்டியிலோ கால்நடையாகவோ வந்து சேரும் வழியில் அது நின்றது. புரூக்ளினுக்கும் ஜார்ஜ்டவுனுக்கும் இடையில் எத்தனையோ வேறுபாடு இருக்கலாம். வண்டித் தடத்தின் ஓரத்தில் அரங்கம் என்ற கணக்கில் இரண்டும் ஒன்று.

இங்கே வாசகருக்கு எழும் முதல் மறுப்பு நியாயமானது. திடலில் காசு கேட்கவில்லை. அரங்கம் மதில் கட்டி, வாசலில் ஆள் நிறுத்தி, டிக்கெட் கேட்டது. இலவசமாக நின்று பார்த்தவரை மதிலுக்கு வெளியே தள்ளியதை எப்படி உரிமை என்பது? இதற்குப் பதில் டிக்கெட் என்ற துண்டுத் தாளின் தன்மையில் இருக்கிறது. டிக்கெட் விற்பவர் வாங்குபவரின் அப்பா பெயரைக் கேட்பதில்லை. இருவர் பரிந்துரைத்தார்களா, மூவர் எதிர்த்தார்களா என்று விசாரிப்பதில்லை. கிளப் உறுப்பினராவதற்கு மனிதரை எடைபோட்டார்கள். டிக்கெட்டுக்கு நாணயத்தை மட்டும் எடைபோட்டார்கள். சாலையோரத்தில் நின்றவரைப் போலீஸ்காரர் எந்த நிமிடமும் நகரச் சொல்லலாம். சொன்னால் நகர வேண்டியதுதான், ஏனென்றால் அவர் அங்கே இருந்தது யாரோ கண்டுகொள்ளாமல் விட்ட தயவால். காசு கொடுத்து உள்ளே வந்தவர் ஆட்டம் முடியும்வரை அந்த இடத்துக்குச் சொந்தக்காரர். கத்தலாம், நடுவரைத் திட்டலாம், தோற்ற அணியைச் சபிக்கலாம். தயவில் நிற்பவர் இதையெல்லாம் செய்ய முடியாது. நம் ஊர்க் கோயில் வாசல்களில் வெளியே நின்று கும்பிடுவதற்கும் உள்ளே போவதற்கும் என்ன வேறுபாடு என்று முப்பதுகளில் தமிழர்களுக்கு யாரும் விளக்கத் தேவையிருக்கவில்லை. 1939-இல் மதுரையில் ஆலயப் பிரவேசம் நடந்தபோது, வெளியிலிருந்தே கோபுர தரிசனம் கிடைக்கிறதே, அது போதாதா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். திடலோரத்தில் இலவசமாக நிற்கலாமே என்ற வாதமும் அதே வகைதான். கோயிலையும் காற்பந்தையும் சமமாக்க நான் வரவில்லை. நுழைவதற்கும் நிற்பதற்கும் உள்ள தூரம் இரண்டு இடத்திலும் ஒன்றே என்றுதான் சொல்கிறேன்.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. டிக்கெட் எல்லோருக்கும் ஒன்றாக இல்லையே? கூரையடியில் நாற்காலிக்கு ஒரு விலை, வெயில் படிக்கு ஒரு விலை என்று அரங்கமும் மனிதரைத் தரம் பிரித்தது. அமெரிக்காவில் அது விலையோடு நிற்கவில்லை. செயின்ட் லூயிஸ் நகரின் ஸ்போர்ட்ஸ்மேன்ஸ் பார்க்கில் 1944 வரை கறுப்பினத்தவர் வலப்பக்க ஓரத்துக் கொட்டகையில் மட்டுமே உட்கார அனுமதிக்கப்பட்டார்கள். மைதானத்திலோ 1947 ஏப்ரலில் எபெட்ஸ் ஃபீல்டில் ஜாக்கி ராபின்சன் இறங்கும்வரை இருபதாம் நூற்றாண்டில் பெரிய லீகில் ஒரு கறுப்பின ஆட்டக்காரர்கூட இல்லை. இதை மழுப்ப முடியாது. கான்கிரீட்டுக்குச் சொந்தமாக நீதி கிடையாது. ஆனாலும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். செயின்ட் லூயிஸில் அந்தப் பாகுபாடு இருப்பதை ஊரே கண்ணால் பார்த்தது: இன்ன கொட்டகை இன்னாருக்கு என்று எண்ணிச் சொல்லலாம், எதிர்க்கலாம், ஒரு நாள் எடுத்தும் விடலாம், எடுத்தார்கள். கிளப்பின் பாகுபாட்டுக்கு அப்படி ஒரு வடிவம் இல்லை. அது உறுப்பினர் குழுவின் மூடிய அறையில் நடந்தது. வெளியே தெரிந்ததெல்லாம் பசும்புல்லும் கடற்காற்றும். விலைப் பாகுபாட்டுக்கும் இதே பதில்தான் ஓரளவு பொருந்தும். வெயில் படியில் இருப்பவருக்கும் கூரையடியில் இருப்பவருக்கும் நடுவில் சில வெள்ளிகளின் தூரம் உண்டு. கோல் விழும்போது இருவரும் ஒரே நொடியில் எழுகிறார்கள் என்பதும் உண்டு. பெவிலியனுக்கும் சாலையோரத்துக்கும் நடுவில் அந்த இரண்டாவது உண்மை ஒருபோதும் இருந்ததில்லை.

மூன்றாவது மறுப்பைப் பற்றி எழுதக் கை தயங்குகிறது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்த பிறகு, ஜப்பானிய ராணுவம் சீன ஆண்களை வடிகட்டிக் கொன்ற சூக் சிங் படலத்தில், ஜனங்களைக் கூட்டி நிறுத்திய இடங்களில் ஒன்று ஜாலான் புசார் அரங்கம். உள்ளே போனவர் பலர் திரும்பவில்லை. ஆயிரக்கணக்கானோரை ஓரிடத்தில் சேர்த்து, ஒன்றிரண்டு வாசல்களைக் காவல் காத்தால் போதும் என்ற வசதி காற்பந்து ரசிகருக்காக உண்டாக்கப்பட்டது. கொலைகாரருக்கும் அது பயன்பட்டது. இதற்கு மாறாக, 1943 ஜூலையில் அதே சிங்கப்பூரில் சுபாஷ் சந்திர போஸ் இந்திய தேசிய ராணுவத்தின் அணிவகுப்பை ஏற்றது மதிலில்லாத பாடாங்கில். மலாயாவின் தமிழ்த் தொழிலாளி தன்னை ஒரு நாட்டின் மனிதராக உணர்ந்த தருணங்களில் அது பெரியது. அப்படியானால் திடல்தான் மக்களின் இடம், அரங்கம் அடைப்பிடம் என்று ஒருவர் முடிவுகட்டலாமா? நான் அப்படிப் போகத் தயாரில்லை; ஆனால் என் வாதத்தை இந்த உண்மை குறுக்குகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மதில் தன்னளவில் யாரையும் சேர்ப்பதுமில்லை, விலக்குவதுமில்லை. சாவி யார் கையில் என்பதே அதன் அர்த்தத்தைத் தீர்மானிக்கிறது. ஆகவே அரங்கம் பார்க்க வந்தவருக்கு இடம் தந்தது என்று சொல்லும்போது, அந்த இடத்தின் உடைமை யாருடையது என்று கூடவே கேட்டாக வேண்டும்.

அமெரிக்காவும் பினாங்கும் பிரிகிற புள்ளி இது. ஷைப் பார்க் தனியார் சொத்து. அதன் வலப்பக்கச் சுவருக்கு வெளியே இருபதாவது தெருவின் வீட்டு மாடிகளிலிருந்து ஆட்டம் நன்றாகத் தெரிந்தது. குடியிருந்தவர்கள் மாடியில் பலகை போட்டு, ஆளுக்கு இத்தனை என்று வாங்கிக்கொண்டு, பத்துப் பன்னிரண்டு பேருக்கு இடம் கொடுத்தார்கள். இருபத்தைந்து ஆண்டுகள் அதைப் பொறுத்துக்கொண்ட நிர்வாகம், பொருளாதார மந்தத்தில் வருமானம் சரிந்ததும், 1935-இல் 12 அடிச் சுவரைத் தகரம் வைத்து 34 அடியாக உயர்த்தியது. வயிற்றெரிச்சல் வேலி என்று ஊரார் அதற்குப் பெயர் வைத்தார்கள். மாடிக்காரர்களின் பலகைகள் காலியாயின. அந்தத் தெருவுக்கும் மைதானத்துக்கும் இருந்த உறவு பிறகு பழைய நிலைக்குத் திரும்பவில்லை. லாபத்துக்காகக் கட்டியவருக்கு அதைச் செய்ய முழு உரிமை இருந்தது. பிறகு அவருக்கு ஊரை விட்டுப் போகவும் உரிமை இருந்தது. எபெட்ஸ் ஃபீல்டின் அணி 1957 ஆட்டங்கள் முடிந்ததும் லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போனது. 1960-இல் மைதானம் இடிக்கப்பட்டது. ஃபோர்ப்ஸ் ஃபீல்டு 1970-இல் கடைசி ஆட்டம் கண்டது. ஷைப் பார்க் எழுபதுகளின் நடுவில் மறைந்தது. 1909-க்கும் 1915-க்கும் இடையில் எழுந்த அந்த வரிசையில் இன்று ஆட்டம் நடப்பது ஃபென்வேயிலும் ரிக்லியிலும் மட்டும்.

பினாங்கின் அரங்கம் நகராட்சியின் சொத்தாக இருந்துவருகிறது. இன்று பினாங்குத் தீவு மாநகர் மன்றத்தின் பொறுப்பில் இருக்கிறது. நகராட்சி அலட்சியமாக இருக்கலாம், கூரையை ஒழுக விடலாம். ஆனால் அதனால் தன்னிச்சையாக ஊரை விட்டுப் போக முடியாது. அரங்கத்தின் எதிர்காலம் குறித்து அது எடுக்கும் முடிவை வரி கட்டுகிறவர் கேள்வி கேட்கலாம். இதற்கு எதிரிடையை அதே தீவில் காணலாம். 1864-இல் தொடங்கிய பினாங்கு குதிரைப் பந்தயக் கிளப்பின் உறுப்பினர்கள் 2024-இல் கூடி வாக்களித்து, கிளப்பைக் கலைக்க முடிவு செய்தார்கள். பத்து கந்தோங்கில் இருக்கும் அந்தப் பரந்த புல்வெளி ஊரின் நுரையீரல் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம். முடிவு நம்மிடம் கேட்கப்படவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் சட்டப்படி அவர்களுக்கு இல்லை. 160 ஆண்டுகளாக அந்தக் கிளப்பின் ஓட்டத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் கடைசிவரை விருந்தினர்கள்தான்.

அரசாங்கத்தின் கையில் இருந்தாலே போதும் என்றும் சொல்லிவிட முடியாது. 2000-இல் பினாங்கு மாநில அரசு பெருநிலத்தில், பத்து காவானில், 40,000 பேர் அமரும் புதிய அரங்கத்தைத் திறந்தது. ஒரு காலத்தில் தோட்டப்புறமாக இருந்த நிலம் அது. கட்டடத்தில் குறையில்லை, பழைய அரங்கத்தைவிட எல்லா வகையிலும் வசதியானது. ஆனால் அது திறந்தபோது தீவுக்காரர் அங்கே போக, வடக்கே உள்ள முதல் பாலத்தைக் கடந்து, பெருநிலத்தில் தெற்கே வெகுதூரம் இறங்க வேண்டும். பத்து காவானுக்கு நேராகப் போகும் இரண்டாம் பாலம் 2014-இல்தான் வந்தது. காரில்லாதவருக்கு மாலை ஆட்டம் முடிந்து வீடு திரும்புவது பெரும்பாடு. அமெரிக்காவில் ஐம்பதுகளுக்குப் பிறகு நடந்ததும் இதுவே: ட்ராம் தடத்தின் ஓரத்திலிருந்த மைதானத்தை விட்டுவிட்டு, நெடுஞ்சாலைகள் சந்திக்கும் இடத்தில், கார் நிறுத்தும் கடலுக்கு நடுவில் அரங்கம் கட்டினார்கள். கார் இல்லாதவரை வராதே என்று யாரும் சொல்லவில்லை. வாசலில் ஆள் நிறுத்தி விலக்குவதைவிடத் தூரத்தால் விலக்குவது சுத்தமான முறை. யார் மீதும் பழி விழாது. பினாங்கு அணி ஆடுவதற்கு மறுபடியும் டத்தோ கெராமாட் சாலைக்கே வந்தது என்பதை ஏக்கம், பழைமைப் பற்று என்று தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. நடந்து வரக்கூடிய இடத்தில் அரங்கம் இருப்பது பார்க்க வந்தவரின் உரிமையில் பாதி. மீதிப் பாதிதான் டிக்கெட்.

இன்று யார் அரங்கத்துக்குப் போய்ப் பார்க்கிறார்கள், எல்லோரும் கைபேசியில் பார்க்கிறார்களே என்று கேட்கலாம். 2016 பிப்ரவரி 16 அன்று பஹாங்கிற்கு எதிரான ஆட்டத்தில் பினாங்கு அணியின் முகமட் ஃபாயிஸ் சுப்ரி தூரத்திலிருந்து உதைத்த பந்து, ஒரு பக்கம் போவதுபோல் போய்க் காற்றில் திசை மாறி, கோல்காவலர் திகைத்து நிற்க மறுபக்கம் இறங்கியது. அதை உலகம் முழுக்கக் கோடிக்கணக்கானோர் திரையில் பார்த்தார்கள். மறு ஜனவரியில் ஜூரிக்கில் அவருக்கு ஆண்டின் சிறந்த கோலுக்கான புஸ்காஸ் விருது கிடைத்தது, ஆசியர் ஒருவருக்கு முதல்முறையாக. அந்தக் கோல் விழுந்தது டத்தோ கெராமாட் சாலை அரங்கத்தில். திரையில் அதைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம், எந்தக் கோணத்திலும் பார்க்கலாம், அது உண்மையில் பெரிய வரம். ஆனால் பந்து கிளம்பியபோது அது எங்கே போகும் என்று தெரியாமல் பார்த்தவர்கள் படிகளில் இருந்தவர்களும் நேரலையில் இருந்தவர்களும் மட்டுமே. பந்து இறங்கியபோது எழுந்த சத்தத்தில் தன் குரலும் இருந்தது என்று சொல்லக்கூடியவர்கள் படிகளில் இருந்தவர்கள் மட்டுமே. மாதவியின் அரங்கில் யாரும் அளக்காமல் விட்ட இடம் அது.

2008-இல் யுனெஸ்கோ ஜார்ஜ்டவுனின் பழைய நகரத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, நடுப்பகுதியும் காப்புப் பகுதியுமாக 259.42 ஹெக்டேரை எல்லையிட்டார்கள். கோட்டைத் திடலும் டவுன் ஹாலும் நகர மண்டபமும் உள்ளே வந்தன, வர வேண்டியவைதான். எல்லைக்கோடு டத்தோ கெராமாட் அரங்கம்வரை நீளவில்லை. பாரம்பரியம் என்று நாம் கோடு கிழிக்கும்போது வணிகரின் மாளிகை தெரிகிறது, ஆட்சியாளரின் முகப்பு தெரிகிறது, வழிபாட்டுத் தலம் தெரிகிறது. சனிக்கிழமை மாலை சம்பளக் காசில் டிக்கெட் வாங்கியவரின் கான்கிரீட் படி தெரிவதில்லை. அதில் செதுக்கு வேலை இல்லை, ஓடு இல்லை, பெயர் பொறித்த கல் இல்லை. பிட்ஸ்பர்கில் ஃபோர்ப்ஸ் ஃபீல்டை இடித்த பிறகு, அந்த இடத்தில் எழுந்த பல்கலைக்கழகக் கட்டடம் ஒன்றின் தரையில், ஆட்டக்காரர் நின்று பந்தை அடித்த அந்த வெள்ளைப் பலகையைக் கண்ணாடிக்குள் பதித்து வைத்திருக்கிறார்கள். வெளியே பழைய மதிலின் ஒரு துண்டும் நிற்கிறது. ஆட்டக்காரர் நின்ற இடத்துக்குக் கண்ணாடி கிடைத்தது. பல்லாயிரம் பேர் அறுபது ஆண்டுகள் உட்கார்ந்த இருக்கைகளில் ஒன்றையும் அந்த இடத்தில் விட்டுவைக்கவில்லை. ஜார்ஜ்டவுனில் இன்னும் அந்தப் படிகள் இருக்கின்றன; ஆட்டம் இருக்கும் மாலைகளில் அவற்றில் ஆட்களும் இருக்கிறார்கள்.